திறன்பலகைக்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி

யாழ்ப்பாணத்து வடமராட்சியில் ஒரு பாடசாலையில் விஞ்ஞானம் கற்பிக்கிறேன். எங்களுக்குத் திறன்பலகை, அதாவது தொட்டு இயக்கும் பெரிய மின்திரை, கிடைத்தபோது, பார்க்க வந்தவர்கள் அதன் அகலத்தைக் கேட்டார்கள், விலையைக் கேட்டார்கள், இணைய வேகத்தைக் கேட்டார்கள். கடைசி வாங்கில் இருக்கும் பிள்ளை இதை வைத்து என்ன செய்யப்போகிறாள், அவள் மனதில் ஓடுவதை ஆசிரியர் எப்படி அறியப்போகிறார் என்று ஒருவரும் கேட்கவில்லை. கற்பித்தலில் தொழினுட்பம் என்பதைப் பற்றி நான் சொல்ல வருவதெல்லாம் அந்தக் கேள்வியைச் சுற்றியதுதான். பிள்ளை என்ன நினைக்கிறது என்பதை, பாடத்தின் போக்கை மாற்ற இன்னும் நேரம் இருக்கும்போதே ஆசிரியருக்குத் தெரியவைக்கிற கருவி வகுப்பறைக்கு வேண்டும். அதைச் செய்யாத கருவி எவ்வளவு பெரியதாக இருந்தாலும் மண்டபத்தில் இருக்கட்டும்.

நான் பாடசாலையில் படித்த காலத்தில் குடாநாட்டில் மின்சாரம் இல்லை. 1990இல் போர் மறுபடி தொடங்கிய பிறகு பல ஆண்டுகள் அப்படித்தான் போயின. ஜாம் போத்தலுக்குள் எரிகிற சிறு திரியின் வெளிச்சத்தில் படித்தோம். மின்கலங்கள் தடை செய்யப்பட்ட பொருட்களின் பட்டியலில் இருந்ததால், சைக்கிளைக் கவிழ்த்து வைத்து மிதியைச் சுற்றி, டைனமோவில் வானொலி கேட்ட வீடுகள் ஊரெங்கும் இருந்தன. எங்கள் விஞ்ஞான ரீச்சர் அப்படியொரு சைக்கிளை வகுப்புக்குள் கொண்டுவரச் செய்தார். கவிழ்த்து வைத்துவிட்டு, சுற்றிக் காட்டாமல் எங்களைப் பார்த்துக் கேட்டார்: “டைனமோவோடு விளக்கைத் தொடுத்தால் மிதியைச் சுற்றுவது இலகுவாகுமா, கடினமாகுமா, மாற்றமே இருக்காதா? ஒருவரோடு ஒருவர் பேச வேண்டாம். கொப்பியில் எழுதுங்கள்.”

வகுப்பில் பெரும்பாலானோர் மாற்றம் இருக்காது என்றே எழுதினார்கள். விளக்கு எரிவதற்கும் மிதிக்கும் என்ன தொடர்பு? ரீச்சர் வாங்குகளுக்கிடையே நடந்து எல்லாக் கொப்பிகளையும் பார்த்தார். பிறகு ஒவ்வொருவராக அழைத்து, முதலில் விளக்கில்லாமலும் அடுத்து விளக்கோடும் மிதியைக் கையால் சுற்ற வைத்தார். விளக்கைத் தொடுத்தவுடன் மிதி கனத்தது. வெளிச்சம் எங்கள் கையிலிருந்துதான் போகிறது என்பதைச் சக்திக் காப்பு விதியின் வசனத்தைப் படிப்பதற்கு முன்பே தோள் உணர்ந்துவிட்டது. பின்னாளில் நான் பார்த்த கற்பித்தல் தொழினுட்பங்கள் எதுவும் இந்தப் பாடத்தை மிஞ்சவில்லை. சைக்கிளுக்கு அதில் பாதிப் பெருமைதான். சுற்றுவதற்கு முன் எழுத வைத்ததற்கும், எழுதியதை ரீச்சர் வாசித்ததற்கும் மற்றப் பாதி.

கருவி ஒன்றாகவும் அதைச் சுற்றிச் செய்யும் வேலை வேறொன்றாகவும் இருப்பது எங்கள் மண்ணுக்குப் புதிதல்ல. 1848இல் வண்ணார்பண்ணையில் பாடசாலை தொடங்கிய ஆறுமுக நாவலர், பின்னர் அச்சியந்திரத்தையும் நிறுவினார். அன்றைக்கு அதுதான் புதிய தொழினுட்பம். ஏட்டில் இருந்த செய்யுளை அப்படியே தாளில் அடித்துப் பிள்ளைகளின் கையில் கொடுத்ததோடு அவர் நிற்கவில்லை. சிறுவர்கள் தாங்களே வாசித்து விளங்கக்கூடிய உரைநடையில், படிப்படியாக ஏறும் பாலபாடங்களைப் புதிதாக எழுதினார். இயந்திரத்தோடு பாடமும் மாறியது.

ஆராய்ச்சியாளர்களும் இதைப் பற்றி நீண்ட காலமாக வாதாடி வருகிறார்கள். 1983இல் அமெரிக்கரான ரிச்சர்ட் கிளார்க் எழுதிய கட்டுரை இன்றும் பேசப்படுகிறது. மளிகைச் சாமான் ஏற்றி வரும் லொறியால் நம் உடம்புக்கு ஊட்டம் கூடுவதில்லை, அதுபோல ஊடகத்தால் மட்டும் கற்றல் கூடுவதில்லை என்பது அவர் வாதம். ஊடகத்துக்கென்று தனியான வலிமையும் உண்டு என்று 1994இல் ரொபர்ட் கோஸ்மா மறுத்தார். தென்னமெரிக்காவின் பெரு நாட்டில் கிராமப்புற ஆரம்பப் பாடசாலைகளில் பிள்ளைக்கு ஒரு மடிக்கணினி கொடுத்த திட்டத்தை 319 பாடசாலைகளில் ஆராய்ந்து, 2012இல் முடிவு வெளியிட்டார்கள். கணினிகள் பல மடங்கு கூடியும் கணிதத்திலும் மொழியிலும் பெறுபேறு உயர்ந்ததாகத் தெரியவில்லை. பொதுவான சிந்தனைத் திறனில் சிறிய நன்மை தென்பட்டது. இரண்டு பக்கத்திலும் நியாயம் இருக்கிறது என்பது என் எண்ணம். ஆனால் பாடசாலைக்குப் பொருள் வாங்கும் கூட்டத்தில் லொறியைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறோம்.

வகுப்பறையில் கண்டவற்றுக்கு வருகிறேன்.

இதயத்தின் தொழிற்பாட்டைக் காட்டும் காணொளிகள் இணையத்தில் அழகழகாகக் கிடைக்கின்றன. போட்டால் வகுப்பு அமைதியாகிவிடும். முடிந்ததும் “விளங்கினதா?” என்று கேட்டால் “ஓம் ரீச்சர்” என்று ஒரே குரலில் பதில் வரும். அந்த ‘ஓம்’ எதையும் சொல்வதில்லை. சுவாசப்பையிலிருந்து திரும்பும் குருதி எந்த அறைக்கு வருகிறது, அங்கிருந்து எங்கே போகிறது என்று வெற்றுத்தாளில் அம்புக்குறி போடச் சொன்னால்தான் உள்ளே இருப்பது தெரியும். இடது சோணையறைக்கு வரவேண்டிய குருதி சிலரின் தாளில் வலது பக்கம் போகும், சிலரின் தாளில் இதயத்துக்கே வராமல் நேராக உடம்புக்குப் போகும்.

இப்போது ஒலியை நிறுத்திவிட்டு அதே காணொளியைப் போடுகிறேன். முதல் தடவை பார்க்க மட்டும். இரண்டாம் தடவை, ஒரு வாங்கில் இருப்பவர்கள் சேர்ந்து அதற்கு விளக்கவுரை சொல்ல வேண்டும். வால்வு மூடுகிற இடத்தில் படத்தை நிறுத்தி, “இந்த நேரம் வால்வு மூடாவிட்டால் என்ன நடக்கும்?” என்று கேட்பேன். மூன்று நிமிடக் காணொளி ஒரு பாடவேளை முழுவதையும் எடுத்துக்கொள்ளும். பாடத்திட்டத்தை முடிக்க வேண்டுமே என்று கவலைப்படும் சக ஆசிரியர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: வேகமாகக் காட்டி முடித்ததைத் தவணைப் பரீட்சைக்கு முன் மறுபடி கற்பிக்கத்தானே செய்கிறோம்.

தமிழ்நாட்டில் தயாரித்த காணொளிகளைக் காட்டும்போது ஒரு சிறு ஆயத்தமும் வேண்டும். அங்கே நுரையீரல் என்பது எங்கள் நூலில் சுவாசப்பை, அங்கே ஒளிச்சேர்க்கை என்பது இங்கே ஒளித்தொகுப்பு. பெரிய வகுப்புப் பிள்ளைகள் சமாளித்துவிடுவார்கள். தரம் 6, 7 பிள்ளைகளுக்குக் கரும்பலகையின் ஓரத்தில் இரண்டு சொல்லையும் எழுதிவிட்டுத் தொடங்குவது நல்லது.

மின்சுற்றுப் பாடத்தில் கணினி உண்மையாகவே எனக்குத் தோள் கொடுத்தது. இரண்டு மின்குமிழ்களைத் தொடராக இணைத்தால் எது கூடப் பிரகாசிக்கும் என்று கேட்டால், மின்கலத்துக்குக் கிட்ட இருப்பதுதான் என்று பாதி வகுப்பு சொல்லும். முதல் குமிழ் மின்னோட்டத்தில் ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறது, மிச்சம்தான் அடுத்ததற்குப் போகிறது என்பது அவர்களின் கணக்கு. இது உலகெங்கும் பிள்ளைகளிடம் காணப்படும் எண்ணம். “மின்னோட்டம் செலவாகாது” என்று எத்தனை தடவை எழுதிப் போட்டாலும் அது போகாது.

முதலில் எல்லோரும் தங்கள் விடையை அட்டையில் காட்டுவார்கள். அட்டைகளைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். பிறகு உண்மையான குமிழ்களை இணைப்போம். ஒரே மாதிரியான குமிழ்கள் இரண்டும் ஒரே அளவு எரியும். வகுப்பு குழம்பும். அந்தக் குழப்பம் உச்சத்தில் இருக்கும்போதுதான் மடிக்கணினியைத் திறப்பேன். அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகம் இலவசமாகத் தரும் ‘பெட்’ பாவனையாக்கங்களில், அதாவது திரையில் இயக்கிப் பார்க்கும் மாதிரிகளில், மின்சுற்று ஒன்று இருக்கிறது. பௌதிகத்துக்கு நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன் 2002இல் தொடங்கிய திட்டம் அது. கம்பிக்குள் இலத்திரன்கள் ஓடுவதைத் திரையில் காணலாம். முதல் குமிழுக்கு முன்னும் பின்னும் இரண்டாம் குமிழுக்குப் பின்னும் அவை ஒரே வேகத்தில் போகின்றன. கண்ணால் ஒருபோதும் காண முடியாததைக் காட்டுகிற இடத்தில் கணினிக்கு நிகர் இல்லை.

ஒழுங்கை மாற்றி, முதலிலேயே திரையைக் காட்டினால் இந்தப் பலன் வருவதில்லை. திரையில் எல்லாம் நடக்கும் என்று பிள்ளைகளுக்குத் தெரியும், அதனால் எதுவும் அவர்களை வியக்க வைக்காது. கையில் இருக்கும் குமிழ் தங்கள் கணக்குக்கு மாறாக எரியும்போதுதான் ஏன் என்ற கேள்வி பிறக்கிறது. இன்னொன்று: இலத்திரன் இவ்வளவு பெரிய நீலப் பந்து அல்ல என்று சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் அதைத்தான் வரைவார்கள். இந்தப் பாவனையாக்கங்களை முன்கூட்டியே தரவிறக்கி வைத்தால் இணையமில்லாமலே இயங்கும் என்பதும், ஒரு வகுப்புக்கு ஒரு மடிக்கணினியே போதும் என்பதும் எங்களைப் போன்ற பாடசாலைகளுக்குப் பெரிய ஆறுதல்.

அட்டைகள் பழைய நாட்காட்டியின் பின்பக்கத்தில் செய்தவை. அ, ஆ, இ, ஈ என்று நான்கு. கேள்வியை வாசித்து, யோசிக்க நேரம் கொடுத்து, “இப்போது” என்றதும் எல்லோரும் ஒரே நேரத்தில் தூக்க வேண்டும். அடுத்தவரின் அட்டையைப் பார்த்துத் தூக்க அவகாசம் இல்லை. ஒரு பார்வையில் வகுப்பு முழுவதும் எங்கே நிற்கிறது என்று தெரிந்துவிடும். விடை பிரிந்து நின்றால் சரியானதைச் சொல்லாமல், மாறுபட்ட அட்டை தூக்கிய பக்கத்துப் பிள்ளையோடு இரண்டு நிமிடம் வாதாட விடுவேன். பிறகு மறுபடி தூக்கச் சொல்வேன். இது என் கண்டுபிடிப்பு அல்ல. ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் பௌதிகம் கற்பிக்கும் எரிக் மசூர் 1991 முதல் இந்த முறையைக் கையாண்டார். சூத்திரத்தில் எண்களைப் போட்டுக் கணக்கை முடிக்கிற மாணவர்கள் அடிப்படைக் கேள்வியில் தடுமாறுவதைக் கண்டே அவர் இதற்கு வந்தார். கடந்தகால வினாத்தாள்களைச் செய்து செய்தே வளரும் எங்கள் பிள்ளைகளுக்கு இது மிகவும் பொருந்தும். ரியூட்டரி என்ற தனியார் வகுப்பில் விடையை மனனம் செய்த பிள்ளையும் பக்கத்துப் பிள்ளைக்கு விளக்கம் சொல்லும்போது அகப்பட்டுக்கொள்ளும். அகப்படுவது நல்லது. அங்கிருந்துதான் நான் கற்பிக்கத் தொடங்க முடியும்.

கைத்தொலைபேசியைப் பற்றிய என் மதிப்பு கொவிட் காலத்தில் மாறியது. 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபோது எல்லோரும் சூம், வட்ஸ்அப் என்று ஓடினோம். எங்கள் பிள்ளைகள் பலரின் வீட்டில் ஒரு தொலைபேசிதான் இருந்தது, அதுவும் தகப்பனின் கையில். தகப்பன் விடியற்காலையில் கடலுக்கோ வேலைக்கோ போனால் தொலைபேசியும் போய்விடும். காலை 9 மணிக்கு நேரலை வகுப்பு என்றால் அந்தப் பிள்ளைக்கு வகுப்பே இல்லை. இரவில் பார்த்து, இரவிலேயே விடை அனுப்பக்கூடியதாகப் பாடத்தை மாற்ற வேண்டியிருந்தது.

முதலில் கொப்பிப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னோம். ஒரே விடை, ஒரே எழுத்துப்பிழையோடு, வேறு வேறு கையெழுத்தில் வந்து குவிந்தது. பிறகு, ஒரு நிமிடத்துக்கு மேற்படாத குரல்பதிவாக அனுப்பச் சொன்னேன். வாசிக்கக் கூடாது, வீட்டில் உள்ள தம்பிக்கோ அம்மம்மாவுக்கோ சொல்வதுபோலச் சொல்ல வேண்டும் என்பது நிபந்தனை. குரல்பதிவுக்கு டேட்டாவும் மிகக் குறைவு.

அந்தக் குரல்கள் எனக்கு வேறொரு வகுப்பைக் காட்டின. ஐஸ் போட்ட குவளையின் வெளிப்புறம் ஏன் நனைகிறது என்று தரம் 7 பிள்ளைகளிடம் கேட்டிருந்தேன். எழுத்தில் எல்லோரும் “ஒடுங்கல்” என்று எழுதியிருந்தார்கள், எல்லோருக்கும் முழுப் புள்ளி. நீராவி குளிர்ந்து நீராவதற்கு எங்கள் நூல் தரும் சொல் அது. குரலில், வகுப்பில் வாயே திறக்காத ஒரு மாணவன் சொன்னான்: “ஒடுங்கல் நடக்கிறது ரீச்சர். உள்ளே இருக்கிற தண்ணீர் கண்ணாடிக்குள்ளால் மெல்ல மெல்லக் கசிந்து வெளியே வருகிறது.” பின்னணியில் கோழிகள் கொக்கரித்துக்கொண்டிருந்தன. சரியான சொல்லைக் கையில் வைத்துக்கொண்டு எவ்வளவு தூரத்தில் நிற்கிறான் என்பது எந்த வினாத்தாளிலும் எனக்குத் தெரிந்திருக்காது.

நான் சரியான விளக்கத்தை அனுப்பவில்லை. “பீட்ரூட் அவித்த தண்ணீரில் ஐஸ் போட்டுப் பார்த்துவிட்டு, வெளியே வருவது என்ன நிறம் என்று சொல்லுங்கள் தம்பி” என்று குரலிலேயே அனுப்பினேன். ஐஸ் வாங்க அயல்வீட்டுக்குப் போயிருக்கிறான். அடுத்த நாள் இரவு பதில் வந்தது: “வெளியே சிவப்பு இல்லை ரீச்சர், வெறும் தண்ணீர். அப்படியென்றால் அது எங்கேயிருந்து வந்தது?” ஆசிரியத் தொழிலில் எனக்குக் கிடைத்த மிகச் சிறந்த கேள்விகளில் அதுவும் ஒன்று. காற்றில் நீராவி இருக்கிறது என்பதை அவன் கேட்டு வாங்கிக்கொண்டான்.

பாடசாலை திறந்த பிறகும் குரல்பதிவை விடவில்லை. எல்லோரிடமும் ஒரே நாளில் கேட்டால் கேட்டு முடிக்க இரவு போதாது. ஒரு வாரத்துக்கு ஒரு வரிசையில் உள்ளவர்கள், ஆளுக்கு ஒரு கேள்வி, என் பதிலில் ஒரே ஒரு விடயம் என்று வைத்திருக்கிறேன். பெற்றோரின் தொலைபேசி என்பதால் அவர்களின் சம்மதத்தை முதலிலேயே பெற வேண்டும். ஒரு பிள்ளையின் பதிவைப் பொதுக் குழுவில் போடவே கூடாது. தடுமாறிப் பேசிய குரலை மற்றவர்கள் கேட்டுச் சிரித்தால் அந்தப் பிள்ளை இனி எதையும் நமக்குக் காட்டாது.

2022 வந்தது. மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு, தாள் தட்டுப்பாடு, பிறகு எரிபொருள் வரிசை. திரையை நம்பித் திட்டமிட்ட பாடங்கள் அந்தரத்தில் நின்றன, சைக்கிளும் அட்டையும் நிற்கவில்லை. அன்று முதல், மின்சாரம் போனாலும் தொடரக்கூடியதாகவே ஒவ்வொரு பாடத்தையும் ஆயத்தம் செய்கிறேன். மின்வெட்டு இல்லாத நாளிலும் எங்கள் காலநிலை இருக்கிறது. புரொஜெக்டருக்கு இருட்டு வேண்டும், இருட்டுக்கு யன்னலைச் சாத்த வேண்டும், சித்திரை வைகாசி வெயிலில் யன்னலைச் சாத்திய அறையில் பிள்ளைகள் தூங்கிவிடுவார்கள். கடற்கரையோரப் பாடசாலைகளில் உப்புக்காற்று உலோகப் பாகங்களை அரிக்கும். கருவியைத் தெரிவுசெய்பவர்கள் ஒருமுறை மதியப் பாடவேளையில் அந்த அறையில் இருந்து பார்த்தால் நல்லது.

எழுத்துருவைப் பற்றி ஒரு வார்த்தை, மிகவும் கோபத்தோடு. இன்னும் எங்கள் வினாத்தாள்களும் குறிப்புகளும் பாமினி என்ற பழைய எழுத்துருவில்தான் தட்டச்சு செய்யப்படுகின்றன. பாமினி இல்லாத கணினியிலோ தொலைபேசியிலோ அந்தக் கோப்பைத் திறந்தால் பொருளற்ற ஆங்கில எழுத்துகள் தெரியும். அதில் ஒரு சொல்லைத் தேட முடியாது. பார்வைக் குறைபாடுள்ள மாணவருக்குத் திரைவாசிப்பான் அதைத் தமிழாக வாசித்துக் காட்ட முடியாது. ஒரு ஆசிரியர் இரவிரவாகத் தயாரித்த குறிப்பு இன்னொரு ஆசிரியருக்குப் பயன்படாமல் போகிறது. எந்தக் கருவியிலும் தமிழாகவே தெரியும் பொதுக் குறியீட்டு முறையான யூனிக்கோடில் தட்டச்சு செய்யுங்கள். பழகிய விசைகளை விட மனமில்லாதவர்களுக்குப் பாமினி விசை அமைப்பிலேயே யூனிக்கோடில் எழுதும் வசதியும் இருக்கிறது. பழைய கோப்புகளை மாற்றித் தரும் இலவச மாற்றிகளும் உண்டு. பணம் எதுவும் தேவைப்படாத, இன்றைக்கே செய்யக்கூடிய தொழினுட்ப முன்னேற்றம் இது.

புலம்பெயர்ந்து வாழும் பழைய மாணவர்களுக்கும் சொல்ல வேண்டியிருக்கிறது. நீங்கள் தாய்ப் பாடசாலை மீது வைத்திருக்கும் அன்பால்தான் எங்களில் பலரின் ஆய்வுகூடங்கள் நிமிர்ந்து நிற்கின்றன. திறன்பலகை வாங்கித் தர நினைக்கும்போது, அதிபரிடம் மட்டும் அல்லாமல் அந்தப் பாடத்தைக் கற்பிப்பவரிடமும் கேளுங்கள். அது பழுதானால் திருத்தப் பணம் எங்கிருந்து வரும் என்று கேளுங்கள். ‘உடைந்துவிடும்’ என்ற பயத்தில் பூட்டிய அறைக்குள் உறையோடு இருக்கும் திரைகளை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பயத்தில் நியாயமும் இருக்கிறது, உடைந்தால் பதில் சொல்ல வேண்டியவர் அந்த ஆசிரியர். எனக்குத் தெரிவு கொடுத்தால் கேட்பது இவைதாம்: ஒரு நல்ல ஒலிபெருக்கி, ஒரு பழைய மடிக்கணினி, குமிழ்களும் கம்பிகளும் மின்கலங்களும் போதிய அளவு, ஆண்டுதோறும் ஒரு சிறு திருத்தச் செலவுத் தொகை. முடிந்தால், அயல் பாடசாலை ஆசிரியர்கள் ஒரு சனிக்கிழமை கூடி ஒரு பாடத்தை ஒன்றாக ஆயத்தம் செய்வதற்கான பஸ் காசும் மதியச் சாப்பாடும்.

புதிதாக நியமனம் பெற்று வரும் தங்கைமாரும் தம்பிமாரும் எந்த மென்பொருளில் தொடங்கலாம் என்று கேட்பார்கள். மென்பொருளில் தொடங்க வேண்டாம் என்பேன். ஒவ்வொரு ஆண்டும் பிள்ளைகள் ஒரே இடத்தில் சறுக்குகிற ஒரு அலகை எடுங்கள். எங்கே சறுக்குகிறார்கள், என்ன நினைத்துச் சறுக்குகிறார்கள் என்று பிள்ளைகளின் வாயாலேயே கேட்டு எழுதி வையுங்கள். அதன் பிறகு அந்த எண்ணத்தை அசைக்கக்கூடியது எது என்று தேடுங்கள். சில நேரம் அது ஒரு பாவனையாக்கமாக இருக்கும், சில நேரம் பீட்ரூட்டாக இருக்கும்.

இந்தத் தவணை நான் சந்திரனின் கலைகளோடு போராடிக்கொண்டிருக்கிறேன். பூமியின் நிழல் விழுவதால்தான் பிறை தோன்றுகிறது என்று தரம் 8இல் முக்கால்வாசிப் பேர் எழுதுகிறார்கள். கிரகணத்தையும் கலையையும் ஒன்றாக்கிவிடுகிறார்கள். இணையத்தில் நான் கண்ட படங்கள் பலவும் வானத்திலிருந்து பூமியைப் பார்க்கின்றன, பிள்ளையோ பூமியில் நின்று வானத்தைப் பார்க்கிறது. அந்த இரண்டு பார்வைக்கும் நடுவில்தான் சிக்கல் என்று நினைக்கிறேன். அடுத்த கிழமை மேசைப்பந்துப் பந்தைக் கையில் கொடுத்து, தொலைபேசி வெளிச்சத்தைச் சூரியனாக்கி, ஒவ்வொருவரையும் தன் தலையே பூமி என்று வைத்துச் சுற்றி வரச் சொல்லப்போகிறேன். அதற்கு முன்னால் விடையை அட்டையில் தூக்க வைப்பேன். இதை வேறு விதமாகச் செய்து பார்த்த ஆசிரியர்கள் இருந்தால், பிள்ளைகள் என்ன சொன்னார்கள் என்பதையும் சேர்த்து எனக்கு எழுதுங்கள்.